பிடியரிசியும் பெட்ரோல் முள்ளும்

(விருதுநகரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு பொருளை வைத்திருக்கிறேன். வளைந்த ஒரு கம்பி, நுனியில் ஒரு மிதவை, அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. "மாடித் தொட்டியில இருக்கிற பந்து வால்வு மாதிரி இருக்கே சார்" என்று கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி சொன்னார். சரிதான். அதற்கு உடன்பிறந்த தம்பி இது. பழைய மாருதி 800 ஒன்றின் பெட்ரோல் டாங்குக்குள் இருந்தது. காயலான் கடையில் வாங்கி வந்தேன். நீங்கள் ஓட்டும்போது கண்ணுக்கு முன்னால் ஆடுகிறதே பெட்ரோல் முள், அதற்குச் சேதி சொல்கிறவர் இவர்தான். இவர் எவ்வளவு உண்மை பேசுகிறார் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என் வெட்கக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஆனி மாதத்தில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு நான்கு பேராக ஊர் திரும்பினோம். கோவில்பட்டியைத் தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. "ஏங்க, லைட் எரியுதே" என்றாள் மனைவி. "அது எரிஞ்சா இன்னும் அஞ்சு லிட்டர் இருக்குன்னு அர்த்தம்" என்றேன். அதற்கு முன்பு இரண்டு முறை அதே விளக்கோடு அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். கோவில்பட்டியிலிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். கணக்கு சரியாக இருந்தது. சாத்தூரில் இடப்பக்கமாகவே ஒரு பங்க் வந்தது. வரிசை கொஞ்சம் நீளம் என்று விட்டுவிட்டேன். ஆர்.ஆர். நகர் தாண்டியதும் வண்டி ஒரு முறை இருமியது. இரண்டாவது முறை இருமியது. பிறகு பேச்சு மூச்சில்லை. எதிர்ச்சாரியில், கூப்பிடு தூரத்தில், ஒரு பங்க் தெரிகிறது. நடுவில் தடுப்புச் சுவர். நான்குவழிச் சாலையில் கண்ணுக்குத் தெரிகிற பங்க்கும் கைக்கு எட்டுகிற பங்க்கும் வேறு வேறு.

பின்னால் வந்த லாரியின் கிளீனர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, டாங்க் காலியா?" என்றார். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு எஞ்சின் பாடம் எடுத்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலை தம்பி, பம்ப் போயிருச்சு போல." அவர் முள்ளை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்காமல் போனார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் உறுத்துகிறது. மனைவிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தக் கம்பியைப் பாருங்கள். டாங்கில் பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு சிறு தொடுமுனை மின்தடைப் பட்டையின்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. மல்டிமீட்டரை மாட்டியிருக்கிறேன். மிதவையை அடியில் விடுகிறேன். நூறு ஓமுக்கு மேல் காட்டுகிறது. மெல்லத் தூக்குகிறேன். குறைகிறது, குறைகிறது, உச்சியில் வெறும் சில ஓம். தடை மாறினால் ஓடும் மின்சாரம் மாறும். அது மாறினால் முள் அசையும். இவ்வளவுதான் விஷயம். முள்ளுக்கு லிட்டர் தெரியாது. மிதவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

உயரத்தை வைத்து அளவு சொல்லவேண்டும் என்றால் பாத்திரம் நேராக இருக்கவேண்டும். அண்டாவில் அடையாளம் போட்டால் பாதி என்பது பாதிதான். குடத்தில் போட்டால்? கழுத்துப் பக்கம் ஒரு விரற்கடை இறங்கினால் ஒரு தம்ளர் போகும். வயிற்றுப் பக்கம் அதே விரற்கடைக்கு ஒரு சொம்பு போகும். கார் டாங்க் அண்டாவும் இல்லை, குடமும் இல்லை. பின்சீட்டுக்குக் கீழே, அச்சுக்கும் சைலன்சர் குழாய்க்கும் வழிவிட்டு, மிச்சம் கிடைத்த சந்தில் நெளித்து வைத்த பாத்திரம். அதில் உயரத்தைப் பார்த்து லிட்டரைச் சொல் என்றால் முள் என்ன செய்யும்?

மேற்பக்கம் இன்னொரு வேடிக்கை. டாங்க் நிரம்பும்போது மிதவை கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஏறும் பெட்ரோலும், குழாய்க் கழுத்தில் நிற்கும் பெட்ரோலும் அதன் கணக்கில் வராது. அதனால்தான் நிரப்பிவிட்டுச் சிவகாசி போய்த் திரும்பினாலும் முள் அசையாமல் நிற்கிறது. "வண்டி என்னமா மைலேஜ் கொடுக்குது" என்று மகிழ்கிறோம். பாதிக்குக் கீழே வந்ததும் மடமடவென்று இறங்குகிறது. "பங்க்காரன் ஏமாத்திட்டான்" என்கிறோம். இரண்டுக்கும் காரணம் இந்தக் கம்பிதான்.

பங்க்கில் நடக்கும் இன்னொரு சண்டையும் இங்கேதான் பிறக்கிறது. ஸ்விஃப்ட் காரின் டாங்க் 37 லிட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மீட்டர் 39 காட்டுகிறது. ரெண்டு லிட்டர் எங்கே போச்சு என்று சண்டை. புத்தகத்தில் போட்ட அளவு, பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் வரைக்கான அளவு. அதற்குமேல் ஆவி விரியவும் பெட்ரோல் சூட்டில் பெருகவும் தொழிற்சாலையே இடம் விட்டிருக்கிறது. துப்பாக்கி நின்ற பிறகும் தட்டித் தட்டி ஊற்றச் சொன்னால் பத்து, பதினைந்து சதவீதம்கூடக் கூடுதலாகப் போகும். பங்க்கின் அளவில் சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டாம். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்கவேண்டும். கேட்டால் உங்கள் கண்முன் பிடித்துக் காட்டவேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் ஏற்கப்படும். குடுவை பொய் சொல்லாது. அதற்கு ஒரே ஒரு வேலைதான்.

இனி, முள்ளின் நல்ல பொய்க்கு வருகிறேன்.

முள் காலி என்று காட்டும்போது டாங்க் காலியில்லை. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வேகமானியும் இப்படித்தான். ஐ.நா. வாகன விதி எண் 39, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்கிறது. இரண்டு கருவிகளும் உங்களைக் காப்பாற்றும் பக்கமாகச் சாய்ந்து பொய் சொல்கின்றன. வீட்டில் பாட்டி, பானையில் படி அரிசி இருக்கும்போதே "அரிசி தீந்துபோச்சுடா" என்பாரே, அந்த ஜாதிப் பொய்.

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது கண்ணால் பார்த்த கதை. டாங்குக்குள் இரண்டு குழாய்கள். ஒன்று உயரம், இன்னொன்று குட்டை. ஓடும்போது உயரக் குழாய் வழியாகப் பெட்ரோல் வரும். மட்டம் அதற்குக் கீழே போனால் வண்டி திணறும். இடது கை கீழே போய் நாபைத் திருப்பும். "ரிசர்வ் விழுந்திருச்சு." குட்டைக் குழாய் மிச்சத்தை எடுத்துக் கொடுக்கும். முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் கையால் திருப்பிய கணத்தில் மனசில் பதிந்துவிடும். நீங்களே கதவைத் திறந்து உள் அறைக்குள் போன மாதிரி. காரில் அந்த நாப் இல்லை. விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். கை எதையும் திருப்பவில்லை என்பதால் மனசும் திரும்புவதில்லை.

அந்த விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் போகலாம்? என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பல கார்களில் டாங்க் கொள்ளளவில் ஏழில், எட்டில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது விளக்கு எரியும். ஐந்து லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலையில் ஏசி இல்லாமல் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 18, மொத்தம் 90 கிலோமீட்டர். அதே ஐந்து லிட்டர், தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசுக் கடைகளுக்கு முன்னால் ஊர்ந்து போகும்போது லிட்டருக்கு 11, மொத்தம் 55. "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று எண் காட்டும் கார்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அந்த எண், சற்று முன்பு நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போட்ட கணக்கு. வரப்போகிற மேடும், எதிர்க்காற்றும், ரயில்வே கேட்டும் அதற்குத் தெரியாது. என் கதையில் நடந்ததும் அதுதான். முன்பு அறுபது கிலோமீட்டர் ஓடியது தனியாகப் போனபோது. அன்றைக்கு நான்கு பேர், ஏசி, போதாக்குறைக்கு ஆனிக் காற்று.

இன்னொன்றும் இப்போது மாறியிருக்கிறது. பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டிகளில் கூடுதலாகத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் உங்கள் வண்டி விளக்கோடு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற நினைவை இன்றைக்குக் கையில் எடுக்காதீர்கள்.

சரி, காலியாக ஓட்டினால் என்ன கெட்டுப்போகும்? பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படும் சிலவற்றை முதலில் கழித்துவிடுவோம். "அடியில் இருக்கிற கசடெல்லாம் இழுத்துவிடும்" என்பார்கள். பம்ப் எப்போதுமே டாங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. டாங்க் நிறைந்திருந்தாலும் அப்படித்தான். "காலி இடத்தில் ஈரம் வியர்த்துத் தண்ணீர் சேரும்" என்பதும் குளிர் ஊர்களின் கவலை. கரிசல் காட்டு வெயிலில் அதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெயில் காலத்தில் டாங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று இந்தியன் ஆயில் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு எச்சரிக்கை சுற்றும். அந்த நிறுவனமே அது பொய் என்று மறுத்திருக்கிறது.

உண்மையான கேடு பம்ப்புக்கு. இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சார பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. சுற்றிலும் இருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் மசகும். தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று இந்த அவையில் விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பம்ப்பைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் தேங்கி நிற்கும்படி ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு முறையில் போய்விடாது. பழக்கமாக்கினால் ஆயுசு குறையும். பெட்ரோல் விட்டுவிட்டு வந்து எஞ்சின் திணறும்போது, சரியாக எரியாத ஆவி சைலன்சர் பக்கம் இருக்கும் வினையூக்கிப் பெட்டிக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றும். அதுவும் விலை அதிகமான சாமான்.

டீசல் வண்டி என்றால் இன்னும் தொல்லை. நம் ஊர்க் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுநர்களைக் கேளுங்கள். குழாயில் காற்று புகுந்துவிட்டால் டீசலை ஊற்றினால் மட்டும் கிளம்பாது. கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுக்கவேண்டும். காலண்டர் கட்டுகளோடு நடுரோட்டில் நின்று ஏர் எடுத்தவர்கள் மறுபடி முள்ளோடு விளையாடுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துவிடும், பிறகு மிதி கல்லாகிவிடும். பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆம்னி பஸ் வருகிறது. அந்த நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடது ஓரம் ஒதுங்கி, நான்கு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டு, ஆட்களைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவர யாரையும் அனுப்பாதீர்கள்.

இந்தப் பாட்டில் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது, நீங்கள்தான் எடுக்கவேண்டும். பட்டாசு ஆலைச் செய்தி வரும்போதெல்லாம் "நாக்பூர் லைசென்ஸ்" என்று படிக்கிறோம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, தருகிற உரிமம் அது. பெயரைக் கவனியுங்கள். பெட்ரோல் பங்க்கின் தரையடித் தொட்டிக்கும் பட்டாசு ஆலைக்கும் ஒரே துறைதான் காவல். அரசாங்கத்தின் பார்வையில் இரண்டும் சொந்தக்காரர்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் பற்றும். நிறைந்த கேனுக்குள் ஆவி அதைவிட அடர்த்தி. ஊற்றிக் காலி செய்த கேனுக்குள் காற்று புகுந்து, பற்றுவதற்கு வசதியான கலவை உண்டாகலாம். ஆலையில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற நாம், பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் பீய்ச்சும்போது நிலைமின்சாரம் சும்மா இருக்கும் என்று எப்படி நம்புகிறோம்?

இங்கே கொஞ்சம் நின்று என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். நம் பட்டாசுத் தொழில் இடைவெளியில் நிற்கிற தொழில். அறைக்கு நான்கு பேர். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம். அன்றைக்கு வேண்டிய மருந்தை அன்றைக்கு மட்டும் கலக்கவேண்டும். இந்த எண்களிலெல்லாம் கொஞ்சம் தாராளம் வைத்துத்தான் விதி எழுதியிருப்பார்கள். ஐந்தாவது ஆள் உட்கார்ந்த அன்றே வெடித்துவிடாது. அதுதான் சிக்கல். ஒன்றும் ஆகவில்லை என்றதும் ஐந்து என்பது நான்கு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு ஆறு. அவசரத்துக்கு என்று வைத்த தாராளம் அன்றாடக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதையும் என் காரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று நான் சாத்தூரில் நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்பு மட்டும் ஒரே வித்தில் முளைத்தது.

முள் பொய்யாகிப் போனால் விமானமும் இறங்கும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுது. சரி, கம்பி விட்டு அளந்து கணக்குப் போட்டுக்கொள்வோம் என்றார்கள். லிட்டரை எடையாக மாற்றும்போது ஒரு லிட்டருக்கு 0.8 கிலோ என்று போடவேண்டிய இடத்தில் 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சின்களும் நின்றன. ராபர்ட் பியர்சன் என்ற விமானி, மிதந்தே இறக்கி, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் தரைதொட்டார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிய பழக்கம் இருந்தது. எனக்கு ஆர்.ஆர். நகரில் அப்படி ஒரு வித்தை தெரியாது.

மிச்சத்தின் அருமையை நம்மவர்களில் நன்றாக அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதானபோது அங்கே பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் சில சொட்டுப் பெட்ரோல். சூடானதும் மண்ணெண்ணெய். அந்தச் சில சொட்டை ஒரு சின்னப் போத்தலில் தனியே வைத்துக் காப்பாற்றினார்கள். அதைக் குடித்துத் தீர்த்தால் நாளைக் காலையில் கார் கிளம்பாது. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுக்கக் கியூஆர் அட்டைக்கு எரிபொருள் கொடுத்தபோது, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று தொடங்கினார்கள். வாரக் கடைசியில் முள்ளைப் பார்த்து ஊர்ப் பயணத்தை முடிவு செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் மிச்சம் பிடிக்கும் வித்தை இந்த மண்ணுக்கும் புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு மகமை எடுத்து வைத்தது விருதுநகர்ச் சந்தை. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. க்ஷத்திரிய வித்யாசாலாப் பள்ளியின் கதையைச் சொன்னால் பிடியரிசியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பிடியரிசியின் சூட்சுமம் எங்கே இருக்கிறது? உலை வைக்குமுன் ஒரு பிடி எடுக்கவேண்டும். சமைத்து மிஞ்சியதைக் கொடுப்பது பிடியரிசி ஆகாது. எடுத்துப் போட்ட கலயத்தை அரிசிப் பானையின் கணக்கில் சேர்க்கவும் கூடாது. விருந்தாளி வந்துவிட்டார் என்று ஒரு நாள் அதில் கை வைத்தால், அன்றோடு அது இன்னொரு அரிசிப் பானை.

மிதவைக்குக் கீழே இருக்கும் அந்த ஐந்து லிட்டர், காரைச் செய்தவர்கள் உங்களுக்காக எடுத்து வைத்த பிடியரிசி. விளக்கு எரிந்தால் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் எந்தப் பங்க் என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கால் டாங்கைத்தான் காலி என்று வைத்துக்கொள்வது. செலவு ஒன்றும் அதிகமாகாது. இன்றைக்கு ஊற்றும் பெட்ரோலை நேற்றே ஊற்றியதாக ஆகும், அவ்வளவுதான். பங்க்கில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற குழப்பம் வேண்டாம். முள் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப் படத்தை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் இருந்தால், அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் டாங்க் மூடி. ஃபோர்டு நிறுவனத்தின் ஜிம் மொய்லன் 1986இல் மழையில் நனைந்துகொண்டு தப்பான பக்கம் காரை நிறுத்திய கோபத்தில் எழுதிக் கொடுத்த யோசனை அது. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் ஆய்வகத்தில் பிறப்பதில்லை, சில பங்க்கிலும் பிறக்கும்.

முடித்துக்கொள்கிறேன். என் மனைவி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், முன்வரிசையில்தான். அவளுடைய கேள்விக்கு இத்தனை பேர் முன்னால் பதில் சொல்லியாகிவிட்டது. அந்தக் கிளீனர் தம்பியின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் இந்த மேடையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்: டாங்க்தான் காலி, தம்பி. பம்ப் நன்றாகத்தான் இருந்தது.